மரம் விழுந்தா எந்த பாலிசி காப்பாத்தும்: சாதா காம்ப்ரிஹென்சிவா, ஜீரோ டெப்பா?

போன ஐப்பசி மழைல ஒரு ராத்திரி, எங்க கே.கே. நகர் தெருவுல நின்ன குல்மோகர் மரம் கவட்டையில பிளந்து பாதி அப்படியே ரோட்டுல சாஞ்சுடுச்சு. அடியில மூணு வண்டி. என் கார், எதிர் வீட்டு சாரோட கார், மாடியில குடியிருக்கற தம்பியோட ஸ்கூட்டர். மரம் ஒண்ணுதான், ஆனா மூணு பேரும் வச்சிருந்த பாலிசி மூணு விதம். அதனாலதான் இதை எழுதவே தோணுச்சு.

முதல்ல தேர்ட் பார்ட்டி. இதுல பேச பெருசா ஒண்ணுமில்ல, நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்குதான் அது, மரம் விழுந்தா பத்து பைசா வராது. ஆனா தம்பி மாட்டினது வேற மாதிரி. "அண்ணே, வண்டி வாங்கும்போதே அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சுண்ணே"ன்னு தைரியமா சொன்னான். பேப்பரை எடுத்துப் பாத்தா அஞ்சு வருஷம் தேர்ட் பார்ட்டிக்கு மட்டும், நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் ஒரே வருஷம், அது முடிஞ்சு எட்டு மாசம் ஆகுது. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷம், காருக்கு மூணு வருஷம் தேர்ட் பார்ட்டி சேத்தே போடணும்னு வந்ததுல இருந்து நிறைய பேர் இப்படித்தான் ஏமாறறாங்க. 2019 செப்டம்பர்ல இருந்து ஓன் டேமேஜ் மட்டும் தனியா வாங்கிக்கலாம், அதனால உங்க பேப்பரை ஒரு தடவை எடுத்து ரெண்டு தேதியையும் தனித்தனியா பாத்துடுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எதிர் வீட்டு சார்கிட்ட இருந்தது சாதா காம்ப்ரிஹென்சிவ், அதாவது தேர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேந்தது. என்கிட்ட அதோட ஜீரோ டெப், அதாவது பார்ட்டு தேய்மானத்தைக் கழிக்காம பணம் தர்ற கவர். மரம் விழறது ரெண்டுலயும் கவர் ஆகும், புயல்ல விழுந்தாலும் சரி, காத்தே இல்லாம உளுத்துப்போய் விழுந்தாலும் சரி. வித்தியாசம் தெரியறது பில் கையில வர்றப்பதான்.

சாதா பாலிசில பழைய பார்ட்டுக்கு பதிலா புதுசு போட்டா தேய்மானத்தைக் கழிச்சுட்டுதான் பணம் தருவாங்க. ரப்பர், பிளாஸ்டிக்ல பாதி போயிடும். கண்ணாடிக்குக் கழிவே இல்ல. இரும்புக்கு வண்டி வயசைப் பொறுத்து, முதல் ஆறு மாசம் கழிவு கிடையாது, மூணு வருஷம் தாண்டினா 25 சதவீதம், நாலு தாண்டினா 35, அஞ்சு தாண்டினா 40, பத்து தாண்டினா பாதி. மரம் விழுந்தா அடி வாங்கறதே பானெட், ரூஃப், ஃபெண்டர், பம்பர்தானே, அத்தனையும் இந்தக் கழிவுல மாட்டற பார்ட்டு!

சாரோட கார் நாலரை வருஷம். பில் 1,01,000. அதுல இரும்பு பார்ட்டு 40,000, அதுக்கு 35 சதவீதம் கழிச்சா 14,000 அவர் தலையில. பிளாஸ்டிக் 22,000, அதுல பாதி 11,000. பெயிண்ட் வேலை 16,000, அதுல கால்வாசியை மெட்டீரியல்னு வச்சு அதுல பாதி கழிப்பாங்க, அது 2,000. மீதி கண்ணாடியும் லேபரும், அதுல கைவைக்கல. ஒவ்வொரு கிளெய்ம்லயும் கார்காரங்க நாமளே கட்டியாகணும்ங்கற கட்டாயக் கழிவு 1,000 (1500 சிசிக்கு மேல போனா 2,000). ஆக மொத்தம் 28,000 கையில இருந்து கட்டினார். என் காரும் கிட்டத்தட்ட அதே வயசுதான், பில் 88,000, நான் கட்டினது 1,000 பிளஸ் நட்டு, கிளிப், ஆயில்னு கன்ஸ்யூமபிள்ஸ் 1,700. கூடுதல் காசு கட்டி சேத்துக்கற அந்த கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் எடுக்காம விட்டது என் கஞ்சத்தனம்.

ஆனா கணக்கை நேர்மையா போடணும். ஜீரோ டெப்புக்கு வருஷம் சுமார் 2,900 கூடுதலா கட்டினேன், நாலு ரினியூவல்ல 11,600 போயிருக்கு. அதனால லாபம் 25,000ன்னு நான் பீத்திக்க முடியாது, பதிமூணு பதினாலாயிரம்னு வச்சுக்கலாம். வீட்டுக்குள்ள கவர்ட் பார்க்கிங் இருக்கறவங்களுக்கு சாதாவே போதும்னு கூட தோணுது. எங்களை மாதிரி தெருவுல மரத்தடியில நிறுத்தறவங்களுக்கு ஜீரோ டெப்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஒரு வருஷம் விட்டுட்டு அப்புறம் கேட்டா பல கம்பெனிங்க தயங்கும், அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு நிறைய இடத்துல கிடைக்காது, கிடைச்சாலும் ரேட் ஏறும். சார் இந்த ரினியூவலுக்குக் கேட்டுட்டு அதைத்தான் அனுபவிச்சார்.

ரெண்டுக்கும் பொதுவான வலி நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாத வருஷங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்துல தர்ற தள்ளுபடி. கிளெய்ம் பண்ணா அது ஜீரோ, திரும்ப 20, 25, 35, 45, 50 சதவீதம்னு வருஷா வருஷம் ஏறணும். 50ல இருந்தவருக்கு அஞ்சு ரினியூவல்ல இழக்கறதைக் கூட்டினா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 125 சதவீதம் வருது, அதாவது 8,000 பிரீமியம்னா பத்தாயிரம். அதனால சின்னக் கிளை விழுந்து ரெண்டு டென்ட்னா பேசாம டிங்கரிங் ஆள்கிட்ட போயிடுங்க. போனஸ் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருக்கு, நான் எடுத்ததில்ல. வண்டி வாங்கின பில் விலையையே தர்ற ரிட்டர்ன் டு இன்வாய்ஸும் நான் எடுத்ததில்ல, வண்டி திருடு போனாலோ, ரிப்பேர் செலவு ஐடிவில (பாலிசில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்பு) 75 சதவீதம் தாண்டி டோட்டல் லாஸ் ஆனாலோதான் அது வேலைக்கு வரும், எங்க தெருவுல யாருக்கும் அந்த அளவுக்கு ஆகல.

இன்னொண்ணு. காலைல மாநகராட்சி ஆளுங்க ரம்பத்தோட வந்துட்டாங்க, சேதத்தை மதிப்பு போட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற சர்வேயர் வந்ததோ மதியம். மரம் மேல கிடக்கும்போதே நம்பர் பிளேட் தெரியற மாதிரி நாலு பக்கமும் ஃபோட்டோ, வீடியோ எடுத்து, கம்பெனிக்கு போன் போட்டு கிளெய்ம் நம்பர் வாங்கினதுக்கு அப்புறம்தான் நான் வெட்ட விட்டேன். சார் ஊர்ல இல்ல, அவர் காருக்கும் நானே எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினேன், சர்வேயர் அவர்கிட்ட முதல்ல கேட்டதே அந்த ஃபோட்டோவைத்தான்.

கண்ணாடித் தூள் மட்டும் இன்னும் சீட் பெல்ட் குத்தற ஓட்டைல இருந்து வந்துட்டே இருக்கு.