15 கிலோ என்றார்கள், 55 கிலோவில் நிற்கிறது: ஒரு ‘டீகப்’ பன்றிப் பண்ணை பற்றி

டெக்சாஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பண்ணையில், மூன்றரை ஆண்டுகளுக்கு முன் ‘டீகப்’, அதாவது தேநீர்க் கோப்பை அளவுப் பன்றி என்று விற்கப்பட்ட எட்டு வாரக் குட்டி ஒன்றை 1,500 டாலர் கொடுத்து வாங்கினோம். இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிய அந்தக் கறுப்புக் குட்டிக்கு என் மகள் கடுகு என்று பெயர் வைத்தாள். எவ்வளவு வளர்ந்தாலும் 15 கிலோவைத் தாண்டாது என்று பண்ணையார் எழுத்திலேயே உறுதி தந்திருந்தார். சென்ற வாரம் தையல் டேப்பை எடுத்து அளந்ததில், முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 38 அங்குலமும், காதுகளுக்கு நடுவிலிருந்து வாலின் அடிவரை நீளம் 34 அங்குலமும் இருந்தன. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 400-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய பவுண்டில் கிடைத்துவிடும். தராசில் ஏற மறுக்கும் பன்றிகளுக்கு வளர்ப்பவர்கள் போடும் கணக்கு இது. கடுகின் எடை 122 பவுண்டு, அதாவது 55 கிலோவுக்குச் சற்று மேல்.

பண்ணையைக் குறை மட்டும் சொல்வது நியாயமாகாது. இடம் சுத்தமாக இருந்தது. குட்டிக்குத் தடுப்பூசியும் காயடிப்பும் முடித்தே கொடுத்தார்கள். அதற்கென வைத்த தட்டில் மலம் கழிக்கப் பழக்கியிருந்தார்கள். என் மனக்குறை முழுவதும் அந்த எடையையும் அதற்குத் தந்த உறுதிமொழியையும் பற்றியதுதான்.

அன்று எங்களுக்குத் தாயையும் தந்தையையும் காட்டினார்கள். தாய் ஒரு சிறிய நாய் அளவே இருந்ததைக் கண்டு நம்பிவிட்டோம். அதன் வயதைக் கேட்கத் தோன்றவில்லை. பத்திரத்தைப் பின்னர் படித்தபோதுதான் அதற்கு அப்போது 11 மாதமே ஆகியிருந்தது தெரிந்தது. பெண் பன்றி நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும், சினைக்காலம் 114 நாள். ஆனால் எலும்பு வளர்ச்சி முற்றுப்பெற நான்கு ஆண்டுகளும், சிலவற்றுக்கு ஐந்து ஆண்டுகளும்கூட ஆகும். ஆகவே வாங்க வருபவர் பார்க்கும் ‘வளர்ந்த தாய்’ பெரும்பாலும் இன்னும் குட்டிப் பருவத்தைத் தாண்டாத ஒரு பன்றிதான்.

டீகப், மைக்ரோ, நானோ என்பவை எந்த இனத்தின் பெயரும் அல்ல, விற்பவர் ஒட்டும் சீட்டுகள். அமெரிக்க வீடுகளில் வளரும் குட்டைப் பன்றிகளில் பெரும்பாலானவை வியட்நாம் தொப்பைப் பன்றியின் வழிவந்தவை. 1980-களின் நடுவில் கனடாவைச் சேர்ந்த கீத் கானல் உயிரியல் பூங்காக்களுக்காகக் கொண்டுவந்த கூட்டத்திலிருந்து பரவியவை பல. இவை முழு வளர்ச்சியில் 45 முதல் 70 கிலோ வரை, சில 90 கிலோ வரைகூடப் போகும். நியூசிலாந்தின் கூனிகூனி இனப் பன்றி 100 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஜெர்மனியில் ஆய்வுக்கூடங்களுக்கென்றே 1960-களில் உருவாக்கிய காட்டிங்கன் பன்றிகூட 35 கிலோவை எட்டிவிடுகிறது. இறைச்சிப் பன்றி 250, 300 கிலோ வரை வளர்வதோடு ஒப்பிடும்போதுதான் இவை ‘மினி’. 2015-இல் சீனாவின் ஷென்சென் நகரில் பிஜிஐ என்ற மரபணு ஆய்வு நிறுவனம், பாமா என்ற சிறிய இனத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி மரபணுவைச் செயலிழக்கச் செய்து வளர்ப்புப் பன்றி விற்கப்போவதாக அறிவித்தபோது, அதற்கு அவர்கள் சொன்ன எடையே 15 கிலோதான். மரபணுவில் கை வைத்து எட்டிய எடையை எங்கள் பண்ணையார் ஒரு தாளில் கையெழுத்திட்டே எட்டிவிட்டார். (உண்மையிலேயே 10 கிலோவுக்குள் நிற்கும் பன்றி இந்தியாவில், அசாமின் மானஸ் புல்வெளிகளில் இருக்கிறது, பிக்மி ஹாக் எனப்படும் அது அழிவின் விளிம்பில் உள்ள காட்டு விலங்கு.)

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, உறுதிமொழியோடு இணைத்திருந்த தீவன அட்டவணை. காலை அரைக் கப், மாலை அரைக் கப், ஆயுள் முழுவதும் அதுவே. மீறினால் உறுதிமொழி செல்லாது. ஐந்து மாதம் அப்படியே கொடுத்தோம். கடுகு சமையலறைச் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றான், குளிர்பதனப் பெட்டியின் கதவை மூக்கால் நெம்பித் திறந்தான். இதுதான் பன்றிக் குணம்போலும் என்று நினைத்துக்கொண்டோம். கால்நடை மருத்துவர் அவன் இடுப்பில் கை வைத்து, அழுத்தாமலே எலும்பு தட்டுப்படுவதை எனக்கும் தொட்டுக் காட்டினார். அரைப்பட்டினி போட்டால் பன்றி மெலியும், வளர்ச்சியும் குன்றும், ஆனால் இனம் மாறிவிடாது. வயதுக்கேற்ற அளவு தீவனம் கொடுத்த பிறகு சுவரைத் தொடுவதை நிறுத்தினான்.

எங்களுக்குக் கொல்லைப்புறம் இருந்ததால் சமாளித்தோம். அடுக்ககத்தில் இருப்பவர்களும், பன்றியைப் பண்ணை விலங்காகக் கருதித் தடை செய்யும் நகரங்களில் இருப்பவர்களும் என்ன செய்வார்கள்? நியூயார்க் நகரில் வீட்டில் பன்றி வளர்க்கவே அனுமதியில்லை. கனடாவில் 2012-இல் மைக்ரோ பன்றி என்று கொடுக்கப்பட்ட எஸ்தர், 250 கிலோவுக்கு மேல் வளர்ந்த இறைச்சி இனப் பன்றியாகி உலகப் புகழ் பெற்றது. அதன் வளர்ப்பாளர்கள் பண்ணை வாங்கிக் குடிபெயர்ந்தார்கள். எல்லோராலும் அது இயலாது. பன்றியின் வாழ்நாளும் 15 ஆண்டு அளவில் இருக்கிறது.

கடுகின் எடையைத் தெரிவித்துப் பண்ணைக்கு எழுதினேன். அட்டவணையைப் பின்பற்றாததால் பணம் திரும்பக் கிடைக்காது என்றும், விரும்பினால் பாதி விலையில் இன்னொரு குட்டி தருவதாகவும் பதில் வந்தது. கடுகின் தாய்க்கு இப்போது நான்கரை வயது நெருங்கியிருக்கும். அவர்களுடைய விளம்பரத்தில் இன்றும் அதன் பழைய படமே இருக்கிறது. இன்றைய படம் ஒன்றை அனுப்பும்படி கேட்டு ஆறு வாரமாகிறது, இதுவரை வரவில்லை. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கிறேன், அதுவும் அந்தத் தட்டுப் பழக்கத்துக்காக.