சாக்லேட் புதினா மிட்டாய்: மொரீசியஸ் கோடைக்கு எந்தப் பூரணம் பொருந்தும்?

புதினா மணக்கும் வெள்ளைப் பூரணத்தை வட்டமாகத் தட்டி, அதன்மேல் கருஞ்சாக்லேட்டைப் போர்த்திச் செய்யும் மிட்டாய் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தமானது. அதைச் சர்க்கரைப் பொடியால் செய்வதே பழைய வழக்கம். இப்போது தேங்காய் எண்ணெயும் தேனும் சேர்த்த பூரணம், முந்திரியும் உலர்ந்த தேங்காய்த் துருவலும் அரைத்த பூரணம், பேரீச்சையும் முந்திரியும் பிசைந்த பூரணம் என மூன்று மாற்று முறைகள் உடலுக்கு நல்லவை என்ற பெயருடன் பரவியிருக்கின்றன. இந்த நான்கையும் மொரீசியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில் உள்ள எங்கள் சமையலறையில் தீபாவளி தொடங்கித் தைப்பூசக் காவடி வரையிலான வெயில் மாதங்களில் மாறி மாறிச் செய்து, எடை போட்டு, கணக்குப் பார்த்து, அம்மாவுக்கும் அக்காவுக்கும் கொடுத்துச் சுவைக்கச் சொல்லி எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்நோய் உள்ள இந்தத் தீவில் இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கவலையன்று. 1639-இல் டச்சுக்காரர்கள் கரும்பைக் கொண்டுவந்து நட்ட மண்ணில், 2013 முதல் குளிர்பானங்களில் கலந்துள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி வாங்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. ஆகவே ஆரோக்கியமானது என்று சொல்லி ஒரு மிட்டாயை அம்மாவின் கையில் கொடுக்குமுன், அந்தச் சொல் எடைத்தட்டில் நிற்கிறதா என்று பார்ப்பது என் கடமை என்று கருதினேன்.

ஒப்பீடு நேர்மையாக அமைய வேண்டுமென்பதற்காக எல்லா மிட்டாய்களையும் ஒரே அளவில் செய்தேன்: பூரணம் 12 கிராம், அதன்மேல் கொக்கோ 70 சதவீதம் உள்ள சாக்லேட் 6 கிராம். அந்த 6 கிராம் சாக்லேட்டில் ஏறத்தாழ 1.8 கிராம் சர்க்கரையும், 1.5 கிராம் நிறைவுற்ற கொழுப்பும், 36 கலோரியும் இருக்கின்றன. மேல்பூச்சு நான்குக்கும் பொதுவாகையால், வேறுபாடு முழுவதும் பூரணத்திலிருந்தே வருகிறது.

சர்க்கரைப் பொடிப் பூரணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 250 கிராம் சர்க்கரைப் பொடியுடன் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டி பாலும் சேர்த்துப் பிசைந்தால் இருபத்துநான்கு மிட்டாய்கள் வரும். மேல்பூச்சையும் சேர்த்தால் ஒன்றில் 12 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மிட்டாய்களிலேயே அந்த அளவு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக இத்தீவின் பெயர்பெற்ற மஸ்கோவாடோ என்னும் பழுப்புச் சர்க்கரையைப் போட்டால் வெல்லப்பாகின் அருமையான மணம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதுவும் சர்க்கரையே, இரத்தத்தில் ஏறும் கணக்கில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆயினும் ஒரு நற்குணத்தை மறைக்கக் கூடாது: இந்தப் பூரணம் ஜனவரி வெயிலிலும் உருகாது.

தேங்காய் எண்ணெய், தேன் முறையே இன்று மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவது. நான் பெரிதும் நம்பித் தொடங்கியதும் அதையேதான். அரைக் கோப்பை உறைந்த தேங்காய் எண்ணெயுடன் கால் கோப்பை தேனைக் கலந்து அடித்து, குளிர்பெட்டியில் இறுக வைத்து, வட்டமாக வெட்டிச் சாக்லேட்டில் தோய்த்தேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே தின்றபோது நாக்கில் வெண்ணெய்போல் கரைந்தது. காவடிக்கு முந்திய நாள் பிற்பகலில், வரும் உறவினர்களுக்காக ஒரு தட்டில் பதினாறு மிட்டாய்களை அடுக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் பூத்தொடுக்கப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், சாக்லேட் ஓடுகள் நடுவில் குழிந்து, ஓரங்களில் கீறல் விட்டு, தட்டெங்கும் தெளிந்த எண்ணெய் பரவியிருந்தது. விரலால் ஒன்றைத் தூக்கினேன்; அடியில் தேன் மட்டும் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டது.

காரணம் எளியது. தேங்காய் எண்ணெய் 24 முதல் 25 டிகிரியில் உருகிவிடும். போர்ட் லூயிஸின் கோடைப் பிற்பகலோ 30 டிகிரியைத் தாண்டும். எண்ணெயும் தேனும் இயல்பாகவே ஒன்றோடொன்று சேராதவையாதலால், உருகியவுடன் கனமான தேன் கீழே இறங்கிவிடுகிறது. இந்த முறையை எழுதியவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைகளில் செய்தவர்கள். அங்கே அலமாரியில் கட்டியாக இருக்கும் எண்ணெய் இங்கே புட்டியில் தண்ணீர்போல் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்பில் வாழும் அக்கா அதே மிட்டாயை ஆகஸ்டில் செய்து, மேசைமேல் வைத்தே பரிமாறினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

உருகுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கணக்குத்தான் என்னை அதிகம் வருத்தியது. இந்த மிட்டாய் ஒன்றில் சர்க்கரை 6 கிராமாகப் பாதியாய்க் குறைகிறது, அது நல்ல செய்தி. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு 7 கிராமைத் தாண்டுகிறது. சர்க்கரைப் பூரண மிட்டாயில் 84 அளவில் இருந்த கலோரி இங்கே 113 ஆகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் உச்ச அளவாகச் சொல்லப்படும் 22 கிராமை மூன்றே மிட்டாய்கள் ஏறக்குறைய எட்டிவிடும். தேங்காய் எண்ணெய் இயற்கையானது என்பதால் அதன் கொழுப்பு இதயத்துக்குத் தீங்கு செய்யாது என்று நம் வீடுகளில் பலர் எண்ணுகிறார்கள். இந்த நாட்டின் அனுபவமே வேறு விதமாக இருக்கிறது: 1987-க்குப் பிறகு ரேஷன் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயிலுக்குப் பதிலாகச் சோயா எண்ணெய் வந்தது, 1992-க்குள் மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-ஆக இறங்கியது. அந்த இறக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் எண்ணெய் மாற்றத்தின் பங்கு கணிசமானது. தேங்காய் எண்ணெயிலோ நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலைவிடவும் அதிகம்.

பேரீச்சை, முந்திரிப் பூரணம் எண்களை மட்டும் பார்த்தால் எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது. 120 கிராம் பேரீச்சையும் அதே அளவு முந்திரியும் அரைத்தால் இருபது மிட்டாய்கள். ஒன்றில் 86 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 2 கிராம். முழுப் பழத்தின் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் அந்த 25 கிராம் கணக்கில் சேர்ப்பதில்லை. எனினும் சர்க்கரை நோயாளியின் உடல் அதையும் எண்ணவே செய்யும் என்பதால், பூரணத்தில் உள்ள 4 கிராமையும் சேர்த்து 6 கிராம் என்றே அம்மாவுக்குக் கணக்கு வைத்தேன். வெயிலில் உருகுவதும் இல்லை. ஆனால் இதைப் புதினா மிட்டாய் என்று அழைக்க என்னால் முடியவில்லை. பேரீச்சையின் கருகிய வெல்லம் போன்ற சுவை புதினாவை அமுக்கிவிடுகிறது; புதினாவைக் கூட்டினால் கசப்பு ஏறுகிறது; நிறமும் பழுப்பு. நல்ல பேரீச்சை உருண்டை, வேறொரு பலகாரம், அவ்வளவுதான்.

எஞ்சியிருப்பது முந்திரியும் உலர்ந்த தேங்காய்த் துருவலும் சேர்ந்த பூரணம். நான் தேர்ந்துகொண்டது அதுதான். வறுக்காத முந்திரி 120 கிராம், உலர்ந்த துருவல் 60 கிராம், தேன் 45 கிராம், தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. துருவலை முதலில் மிக்ஸியில் மாவாகும்வரை அரைத்து, பிறகு முந்திரியைச் சேர்த்து விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் பிரியும். முந்திரியை ஊறவைத்து அரைக்கச் சொல்பவர்கள் உண்டு. ஈரம் சேர்ந்த பூரணம் நம் கோடையில் விரைவில் கெடும் என்பதோடு, உருக்கிய சாக்லேட்டில் சிறிது நீர் கலந்தாலும் அது மணல்போல் திரண்டுவிடும் என்பதால் நான் அதைத் தவிர்த்தேன். பச்சைத் தேங்காயையும் இதே காரணத்தால் விலக்க வேண்டும். இப்பூரணத்தின் நிறம் தந்தவெள்ளை. கடித்தால் இங்கத்திய தேங்காய் மிட்டாயான காத்தோ கோகோவின் நறநறப்பில் சிறிதளவு நாக்கில் தட்டும். தேங்காய்க் கொழுப்பு வெயிலில் இளகினாலும் முந்திரியின் சக்கை அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அதே மேசையில், அதே பிற்பகலில், இரண்டு மணி நேரம் வடிவம் குலையாமல் நின்றது.

இதிலும் உண்மையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மிட்டாயில் சேர்த்த சர்க்கரை 4 கிராமுக்கும் குறைவு, அது சர்க்கரைப் பொடி மிட்டாயில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிறைவுற்ற கொழுப்பு 4 கிராமைச் சற்றே தாண்டுகிறது. கலோரியோ 103, உடல் எடையைக் குறைக்க இது உதவாது. அம்மாவுக்கு நாளொன்றுக்கு ஒன்று, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்திருக்கிறோம்.

பூரணத்துக்கு அடுத்தபடியாகத் தவறு நேர்வது புதினாவில். வீட்டில் செய்யும்போது கீரைக்கட்டுப் புதினாவையே பயன்படுத்தலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். போர்ட் லூயிஸ் பசாரில் லாமாந்த் என்று உள்ளூர்ப் பெயரில் கேட்டு வாங்கிய ஒரு கட்டின் இலைகளை இளஞ்சூட்டு எண்ணெயில் ஊறவைத்து, வடிகட்டிச் சேர்த்தேன். அம்மா ஒரு வாய் கடித்துவிட்டு, “துவையலுக்குச் சாக்லேட் பூசியதுபோல் இருக்கிறதே, அம்மா” என்றார்கள். அவர்கள் சொன்னதில் தாவரவியல் இருக்கிறது. சட்னிக்கும் பிரியாணிக்கும் நாம் போடும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் வகை. அதன் மணம் கார்வோன் என்னும் பொருளால் வருவது, அதில் மெந்தால் மிகமிகக் குறைவு. நீர்ப்புதினாவும் ஸ்பியர்மிண்டும் கலந்து பிறந்த பெப்பர்மிண்டின் எண்ணெயிலோ மெந்தால் பாதிக்கு நெருங்கும் அளவில் உண்டு. மெந்தால் வாயைக் குளிர்விப்பதில்லை. நாக்கின் நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஏற்பியை நேரடியாகத் தட்டி, குளிர்வதாக மூளைக்குச் சொல்ல வைக்கிறது. அந்த ஏற்பியை மெந்தாலின் துணையால் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எனவே குளிர்ச்சி வேண்டுமென்றால் பெப்பர்மிண்ட்தான் வேண்டும்.

அதிலும் எசன்ஸ், எண்ணெய் என்று இரண்டு உண்டு. எசன்ஸ் மென்மையானது, ஒரு தேக்கரண்டி வரை தாங்கும். சாராயமும் நீரும் கலந்ததாகையால் பூரணத்தில் மட்டுமே சேர்க்க வேண்டும், சாக்லேட்டில் சேர்க்கக் கூடாது. எண்ணெய் மிகக் கடுமையானது. மேலே சொன்ன முந்திரி, தேங்காய்ப் பூரணம் ஏறத்தாழ 240 கிராமுக்கு நான்கு சொட்டு போதும், ஆறுக்கு மேல் போனால் பல்பசையின் வாடை வந்துவிடும். உண்ணத் தகுந்தது என்று புட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். அறையில் மணம் பரப்ப விற்கும் எண்ணெயை எடுக்கவே கூடாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பெப்பர்மிண்ட் அதைக் கூட்டக்கூடும். தேன் சேர்ந்திருப்பதால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இதில் ஒரு துளியும் கொடுக்கலாகாது.

மேல்பூச்சுக்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. கொக்கோப் பொடியைத் தேங்காய் எண்ணெயிலும் தேனிலும் குழைத்துப் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கையிலேயே உருகும். சாக்லேட்டில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு உருக்குவது சுலபம், மெல்லிய பூச்சும் கிடைக்கும்; ஆனால் அந்த எண்ணெய் கொக்கோ வெண்ணெயின் உறுதியைக் குலைப்பதால், மிட்டாய் எப்போதும் குளிர்பெட்டியிலேயே இருந்தாக வேண்டும். சாக்லேட்டை மட்டும் முறையாகப் பதத்துக்குக் கொண்டுவருவதே சிறந்தது. மூன்றில் இரண்டு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, இறக்கி, மிச்சப் பங்கைச் சீவிப் போட்டுக் கிளறிக்கொண்டே 31 அல்லது 32 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். கத்தி நுனியில் தொட்டு வைத்தது சில நிமிடங்களில் பளபளப்பாக இறுகினால் பதம் சரி. இவ்வாறு இறுகிய கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரிவரை தாங்கும். பதம் தவறினால் 28 டிகிரியிலேயே இளகும். வெப்பம் மிகுந்த அறையில் இது இறுகாது என்பதால் கோடையில் விடியற்காலையில் செய்கிறேன். பூரணம் சில்லென்று இருக்கும்போது தோய்த்தால், அது பிறகு சூடேறி விரியும்போது ஓடு வெடித்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரமாவது வெளியே வைத்திருந்து தோய்க்க வேண்டும்.

காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் இருக்கும். பரிமாறும்போது டப்பாவை உடனே திறக்க வேண்டாம். நம் ஈரக்காற்று குளிர்ந்த சாக்லேட்டின்மேல் வியர்த்து, அதன் சர்க்கரையைக் கரைத்து, காய்ந்தபின் சாம்பல் பூத்ததுபோல் ஆக்கிவிடும். மூடியபடியே அரை மணி நேரம் மேசைமேல் வைத்துவிட்டு, டப்பாவின் வெளிப்புறம் வியர்த்து உலர்ந்தபின் திறந்தால், தோய்த்த அன்று இருந்த பளபளப்பு அப்படியே இருக்கும்.