கேன்வாஸ் ஷூவில் பெயின்ட்: சோப்புத் தண்ணீரா, டர்பன்டைனா?

பொங்கலுக்கு வீட்டில் பெயின்ட் அடித்த அன்று, மகளின் வெள்ளை கேன்வாஸ் ஷூவில் ஒரு காலில் சுவரின் எமல்ஷன், மறு காலில் ஜன்னல் கம்பியின் எனாமல் தெறித்துவிட்டது. ஒரே ஜோடிக்கு இரண்டு வைத்தியம்.

எமல்ஷனில் தண்ணீர்தான் அடிப்படை. ஈரம் காயும் முன் பிடித்தால் சோப்புத் தண்ணீரே போதும். லேஸைக் கழற்றி, உள்ளே பழைய துணியைத் திணித்து, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேய்த்தேன். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கறை பரவும். காய்ந்துவிட்டாலோ பிளாஸ்டிக் தோல் மாதிரி நூலைக் கவ்விக்கொள்ளும். அப்போது மேலே இருப்பதை நகத்தால் சுரண்டிவிட்டு, ஆல்கஹால் கலந்த சானிடைசரைத் தடவி ஊறவிட வேண்டும். மெல்ல இளகும்.

எனாமலிடம் சோப்பு பலிக்காது. அது எண்ணெய் வகை, டர்பன்டைன்தான் சரி. ஆனால் ஷூ மேல் ஊற்றிவிடாதீர்கள், அடிப்பாகத்தை ஒட்டிய பசை இளகி வாய் பிளந்துவிடும். பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள். பஞ்சில் நிறம் ஏற ஏற மாற்றிக்கொண்டே இருங்கள். கலர் ஷூ என்றால் முதலில் லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூவின் நாக்குப் பட்டையின் உள்பக்கம் பஞ்சால் தொட்டுப் பாருங்கள், சாயம் போகலாம். அடுப்புப் பக்கமே போகக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். அப்புறம் சோப்பு போட்டு அலசி நிழலில் காயவைக்கலாம்.

எந்த பெயின்ட் என்று தெரியாவிட்டால் நான் சோப்பில்தான் தொடங்குவேன்.