குப்பைக்குச் சோறு, குப்பையிலிருந்து சம்பளம்: அம்பிகாபூர் மாநகராட்சியின் சேவை எப்படி?

சத்தீஸ்கர் மாநிலத்தின் அம்பிகாபூர் பேருந்து நிலையத்தில் உள்ள ‘கார்பேஜ் கஃபே’ என்னும் உணவகத்தில் ஒரு கிலோ பிளாஸ்டிக் குப்பையைக் கொடுத்தால் முழுச் சாப்பாடு கிடைக்கும். அரைக் கிலோவுக்குக் காலைச் சிற்றுண்டி. சோறு, ரொட்டி, பருப்பு, இரண்டு வகைக் காய்கறி, ஊறுகாய் என்று அந்தப் பக்கத்து வீடுகளில் சாதாரணமாகச் சமைக்கும் உணவுதான். 2019 அக்டோபரில் மாநகராட்சி இதைத் தொடங்கியபோது நாடெங்கும் செய்தியானது. சென்ற ஆண்டு இரண்டு நாள் அங்கே தங்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உணவகத்தைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். ஆனால் இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி உணவகத்துக்குப் பின்னால் இருக்கும் சேவையைப் பற்றியதாக அமைந்துவிட்டது. அதுவே நியாயம் என்றும் நினைக்கிறேன்.

உணவகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சாலையோரத்தில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை ஒரு கிலோ சேர்த்துக் காயலான் கடையில் போட்டால், கிடைக்கும் காசு ஒரு வேளை வயிறு நிறையச் சாப்பிடப் போதாது. இங்கே அதே ஒரு கிலோவுக்குச் சாப்பாடே கிடைக்கிறது என்பதால், வீடற்றவர்களுக்கும் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களுக்கும் இது உண்மையான உதவி. கொண்டுவரும் பொருளுக்கு மாற்றாகச் சோறு வாங்குவதால், அன்னதான வரிசையில் நிற்கும் கூச்சமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் ஊரின் பிளாஸ்டிக் சிக்கலை இந்த உணவகம் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொடங்கிய நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் இங்கே சேர்ந்த பிளாஸ்டிக் ஏறக்குறைய 23 டன். அதாவது ஆண்டுக்கு நான்கு டன்னைச் சற்றே தாண்டும். அம்பிகாபூரில் ஒரே நாளில் சேரும் மொத்தக் குப்பையோ சுமார் 45 டன். அந்த 45 டன் எங்கே போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சத்தீஸ்கரின் வட பகுதியில், சர்குஜா மாவட்டத்தின் தலைநகரான அம்பிகாபூர், பெயருக்குத்தான் மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 1.2 லட்சம், நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி. பெரிய தொழிற்சாலைகளோ கொழுத்த வரி வருவாயோ இல்லாத ஊர். பத்தாண்டுகளுக்கு முன்பு வரை, நகருக்கு வெளியே மூன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் 16 ஏக்கர் திறந்தவெளிக் கிடங்கில்தான் இங்கும் குப்பை மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. 2014-க்குப் பிறகு, ரிது சைன் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன: குப்பையை ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதை நிறுத்திவிட்டு, ஊருக்குள்ளேயே சிறு சிறு மையங்களில் அன்றன்றைக்குப் பிரித்துத் தீர்ப்பது. முதலில் ஒரு வார்டில் சோதித்தார்கள். பின்னர் 48 வார்டுகளுக்கும் விரித்தார்கள்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். இந்த முறையின் வித்து வேலூரிலிருந்து போனது. திட, திரவ வள மேலாண்மை என்ற பெயரில் கழிவு மேலாண்மை வல்லுநர் சி. சீனிவாசன் வேலூரில் பல ஆண்டுகளாகச் செயல்படுத்திவந்த முறையைத்தான் அம்பிகாபூர் எடுத்துக்கொண்டது. அவரே நேரில் சென்று பயிற்சியும் கொடுத்தார். குப்பை என்ற சொல்லையே தவிர்த்து ‘வளம்’ என்று அழைக்கும் அவருடைய பிடிவாதம் வெறும் சொல்லழகு என்று நான் முன்பு நினைத்ததுண்டு. வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

காலையில் மையத்துக்குள் வண்டிகள் வந்தபோது நான் முதலில் கவனித்தது நாற்றம் இல்லாததைத்தான். காரணம் எளிது. வீட்டில் பச்சைத் தொட்டி, சிவப்புத் தொட்டி என்று பிரித்து வைத்த குப்பை, வண்டியிலும் கலக்காமல் தனித்தனியாகவே வந்து இறங்குகிறது. அழுகத் தொடங்குவதற்கு முன்பே, சில மணி நேரத்துக்குள், கைகள் அதைத் தொட்டுவிடுகின்றன. காய்கறித் தோலிலும் மீந்த உணவிலும் கால்நடையும் கோழியும் தின்னக்கூடியவை முதலில் ஒதுக்கப்படுகின்றன. எஞ்சியது உரத்துக்குப் போகிறது. மட்காத குப்பையைப் பால் உறை, தடித்த பிளாஸ்டிக், அட்டை, கண்ணாடி, உலோகம் என்று அறுபதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். விலையே இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. கலந்து கிடக்கும் பிளாஸ்டிக்கை எடுக்க ஆள் வராது. சுத்தமாக வகை பிரித்த பிளாஸ்டிக்குக்கு மறுசுழற்சி ஆலைகள் பணம் தருகின்றன.

இந்த வேலையைச் செய்பவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் அல்லர். மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த ஏறக்குறைய 480 பெண்கள், இருபது மையங்களில் பணிபுரிகிறார்கள். ஊர் அவர்களை ‘ஸ்வச்சதா தீதி’ என்று அழைக்கிறது. நம் வழக்கில் சொன்னால் ‘தூய்மை அக்கா’. ஒவ்வொரு குழுவுக்கும் குறிப்பிட்ட தெருக்கள் என்பதால், எந்த வீட்டில் குப்பையைப் பிரிக்காமல் கொடுக்கிறார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும்; பிரித்துக் கொடுக்கும்படி வாசலிலேயே சொல்லவும் முடியும். வீடுகள் மாதந்தோறும் கொடுக்கும் சிறு கட்டணமும், பிரித்த பொருள்களை விற்ற பணமும் அவர்களுடைய ஊதியத்துக்குப் போகின்றன. ஆகவே நன்றாகப் பிரித்தால் அதன் பலன் அவர்கள் கைக்கே வருகிறது. இந்தச் சேவையின் முதுகெலும்பு இதுதான் என்பது என் கருத்து. டன் கணக்கில் கூலி வாங்கும் ஒப்பந்ததாரருக்குக் குப்பை எடை கூடினால்தான் லாபம். அவர் ஏன் பிரிக்கச் சொல்லப்போகிறார்?

எங்கள் ஊரில் நான் மூன்றாண்டுகளாக இரண்டு தொட்டி வைத்துப் பிரித்துக் கொடுத்துவருகிறேன். வண்டியில் ஏறியதும் இரண்டும் ஒரே குவியலில் கொட்டப்படுவதை என் வாசலில் நின்றே பார்க்கிறேன். பிரித்துக் கொடுக்கச் சொல்லும் விளம்பரப் பலகை மட்டும் தெருமுனையில் புதிதாக நிற்கிறது. மக்கள் ஒத்துழைப்பதில்லை என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பிரித்துக் கொடுத்ததைப் பிரித்தபடியே கொண்டுபோகும் சேவை ஒன்று இருந்தால் மக்கள் பழகிக்கொள்வார்கள் என்பதற்கு அம்பிகாபூர் கண்முன் சாட்சி.

குறைகள் இல்லாமல் இல்லை. பெண்களின் மாத வருவாய் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் அளவில்தான் இருக்கிறது. தினமும் பல மணி நேரம் குப்பையைக் கையால் பிரிக்கும் உழைப்புக்கு அது போதாது. விற்பனை விலை ஏறி இறங்கும்போது அந்தச் சுமையை அவர்கள்மீது ஏற்றாமல் குறைந்தபட்ச ஊதியத்தை மாநகராட்சியே உறுதிசெய்ய வேண்டும். தூய்மைப் பணியாளரின் உழைப்பைப் புகழ்ந்து மாலை போடுவதைவிட, நிரந்தரச் சம்பளமும் மருத்துவப் பாதுகாப்பும் முக்கியம். இன்னொன்று, மறுசுழற்சிக்கே உதவாத பல அடுக்குப் பொட்டல உறைகள். எத்தனை வகையாகப் பிரித்தாலும் அவற்றை வாங்க ஆள் இல்லை. அதை ஒரு சிறு நகரம் தனியாகச் சரிசெய்ய முடியாது; தயாரிக்கும் நிறுவனங்கள்தாம் பொறுப்பேற்க வேண்டும்.

நகரங்களின் தூய்மையை மத்திய அரசு மதிப்பிடும் ஸ்வச் சர்வேக்ஷனின் 2019-ஆம் ஆண்டுத் தரவரிசையில் இந்தூருக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இந்தச் சிறு நகரம் வந்தது; இதே முறையை மாநிலத்தின் மற்ற நகரங்களுக்கும் சத்தீஸ்கர் அரசு கொண்டுசென்றது. தரவரிசைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பதினாறு ஏக்கர் கிடங்கு என்ன ஆனது என்பதே எனக்குப் பெரிய அளவுகோல். குப்பையை அகற்றி, மண்ணிட்டு, மரம் நட்டு, 2016-இல் அதைப் பூங்காவாக மாற்றிவிட்டார்கள். கொட்டுவதற்கு வேறு இடமில்லை என்ற நிலையை மாநகராட்சி தனக்குத் தானே உண்டாக்கிக்கொண்டது. அதனால் ஒரு நாள்கூடப் பிரிக்கும் வேலை நிற்க முடியாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சத்தீஸ்கரிலேயே உள்ள துர்க் நகரிலிருந்து இரவு ரயில் இருக்கிறது. மையங்களைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே மாநகராட்சியில் சொல்லிவைத்துவிட்டுக் காலையிலேயே சென்றுவிடுங்கள். வண்டிகள் வந்து இறங்கும் நேரத்தைத் தவறவிட்டால் பார்க்க வேண்டியதில் பாதி போய்விடும். உணவகத்துக்கு மதியம் செல்லலாம். வழியில் நீங்கள் வாங்கிய தண்ணீர்ப் பாட்டில்களையும் பொட்டல உறைகளையும் பையிலேயே சேர்த்து வையுங்கள். அங்கே தராசு இருக்கிறது.