குழுக்கடனை உள்ளே போய்ப் பார்த்த புத்தகம்

கிருஷ்ணகிரி பக்கத்து கிராமங்களில் மகளிர் குழு ஊக்குநராக இருந்தவள் நான். லாமியா கரீம் எழுதிய ‘மைக்ரோஃபைனான்ஸ் அண்ட் இட்ஸ் டிஸ்கன்டென்ட்ஸ்’ புத்தகத்தை அந்தக் கண்ணோடுதான் படித்தேன். குழுக்கடனோடு, அதாவது பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறுகடனோடு, சம்பந்தப்பட்ட எல்லோரும் படிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கரீம் வங்கதேசத்தைச் சேர்ந்த மானுடவியலாளர், அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். கிராமீன் வங்கி, பிராக், ஆசா, புரோஷிகா ஆகிய நான்கு பெரிய அமைப்புகள் பெண்களுக்குக் கொடுத்த கடன் ஊருக்குள் போய் என்னவாகிறது என்று 1990களின் கடைசியில் வங்கதேச கிராமங்களில் ஆராய்ந்தார். கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸும் அந்த வங்கியும் 2006-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்க, உலகமே அந்தக் கடன்முறையைக் கொண்டாடியது. அதற்குப் பின் 2011-ல் இந்தப் புத்தகம் வந்தது. அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கடன் மனைவி பெயரில் இருக்கிறது, பணம் பெரும்பாலும் கணவன் கைக்குப் போகிறது. அப்படியும் ஏன் பெண்ணையே தேடிப் போய்க் கொடுக்கிறார்கள்? ஆண் கட்டாமல் ஊரை விட்டே போய்விடலாம், எதிர்த்து நிற்கலாம். பெண் வீட்டிலேயே இருப்பாள். நாலு பேர் முன்னால் பேச்சு வாங்க அஞ்சுவாள். அடமானம் இல்லாத கடன் என்கிறார்கள். குடும்ப மானம்தான் அங்கே அடமானம் என்று கரீம் காட்டுகிறார். அவமானத்தின் பொருளாதாரம் என்று அதற்குப் பெயரும் வைக்கிறார்.

வீடு பிரிக்கும் பகுதியைப் படித்துவிட்டு என்னால் உடனே மேலே போக முடியவில்லை. தவணை தவறியவளின் வீட்டைப் பிரித்து விற்றுக் கடனைக் கழிக்கிறார்கள். அதில் சக உறுப்பினர்களே இறங்குகிறார்கள், ஏனென்றால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களுக்கும் அடுத்த கடன் நின்றுபோகும். எங்கள் பக்கம் வீட்டைப் பிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தனியார் நிதி நிறுவனம் தவணை வசூலிக்க உறுப்பினர்களைக் கூட்டும் சென்டர் மீட்டிங்கில், பணம் கொண்டுவராத ஒரு பெண்ணை இருட்டும்வரை உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். வசூலுக்கு வந்த பையன் வாயே திறக்கவில்லை. “உன்னால எங்களுக்கும் லோன் வராம போயிடும்டி” என்று பேசியதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காக்கள்தான். அந்தக் கடன்முறை கிராமீன் வழியில் வந்தது. சேமிப்பில் தொடங்கும் நம் சுய உதவிக் குழு வேறு. அது 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்தது, அப்போது கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டம்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

பெண்களை வெறும் பாவப்பட்டவர்களாக மட்டும் கரீம் எழுதவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது. வாங்கின கடனையே வட்டிக்கு விட்டு, தாங்களே கந்துவட்டிக்காரியாகிவிட்ட பெண்களும் இதில் வருகிறார்கள். வசூல் ஊழியர்களின் நெருக்கடியும் வருகிறது. தொண்டு நிறுவனங்கள் தரும் வேலையை நம்பியிருக்கும் ஆராய்ச்சியாளர்களால் அந்த நிறுவனங்களைப் பற்றி எவ்வளவு தூரம் வெளிப்படையாக எழுத முடியும் என்ற அத்தியாயம் தனியாகவே படிக்கத் தக்கது.

குறைகளும் உண்டு. ஆங்கிலம் கடினம். கோட்பாட்டுப் பகுதிகளில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. அப்புறம், களப்பணி பழையது. 2002 வாக்கில் கிராமீன் வங்கி தன் விதிகளை மாற்றித் தளர்த்தியது. இதில் இருக்கும் கிராமங்கள் அதற்கு முந்தைய காலத்தவை. அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

வாங்குபவர்கள் முன்னுரையோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடன் அன்றாட வாழ்க்கைக்குள் எப்படி நுழைகிறது என்று சொல்லும் நடு அத்தியாயங்களில் தொடங்கி, பிறகு புத்தகத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். யாராவது பதிப்பாளர் அந்த அத்தியாயங்களை மட்டுமாவது தமிழில் கொண்டுவந்தால், சுய உதவிக் குழுக்களின் ஒவ்வொரு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று நானே போய்க் கேட்பேன்.