பர்மிஷன் டினைட்: 777-ஆ, சூடோவா, சொந்த ஃபோல்டரா?

வேளச்சேரியில் மாலை நேரத்தில் நான் எடுக்கும் லினக்ஸ் வகுப்பில் முதல் வாரமே இந்தக் குரல் கேட்டுவிடும். "அண்ணா, இன்ஸ்டால் பண்ணா பர்மிஷன் டினைடுன்னு வருது." நான் எழுந்து போவதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து பதில் வரும்: "முன்னாடி சூடோ போடுடா." பின்வரிசையிலிருந்து இன்னொன்று: "777 கொடுத்துடு, சரியாயிடும்."

சூடோ என்பது ஒரு கட்டளையை அட்மின் அதிகாரத்தோடு ஓட்டுவது; 777 என்பது கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடும் அனுமதி எண். இரண்டுமே அப்போதைக்கு வேலை செய்துவிடும். சில வாரம் கழித்து அதே லேப்டாப் வேறொரு கோளாறோடு என் மேஜைக்கு வரும். அதனால்தான் இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சுவரில் ஆணி அடிக்கக்கூட ஹவுஸ் ஓனரைக் கேட்கணும். லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் அக்கவுண்ட்தான் ஹவுஸ் ஓனர். யூஎஸ்ஆர், இடிசி போன்ற ஃபோல்டர்கள் அவருடைய சுவர்கள். ஹோம் ஃபோல்டர் நீங்கள் இருக்கும் போர்ஷன். அதற்குள் யாரையும் கேட்க வேண்டாம். பிழைச் செய்தியில் எந்த ஃபோல்டரின் பெயர் இருக்கிறதோ, அது யாருடையது என்று முதலில் பாருங்கள். 'எல்எஸ் மைனஸ் எல்' (ls -l) அடித்தால் மூன்றாவது நெடுவரிசையில் உரிமையாளர் பெயர் வரும், நான்காவதில் குழு. முதல் நெடுவரிசையில் இருக்கும் எழுத்துகள் யாருக்கு என்ன அனுமதி என்பதைச் சொல்லும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டி வரும் மூன்று இலக்கங்கள் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கானவை. 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாமே உண்டு, மற்றவர்கள் படிக்கலாம், இயக்கலாம். 777 என்றால் அந்தக் கணினியில் உள்ள எந்த அக்கவுண்டும், எந்த சர்வீஸும் அந்தக் கோப்பைத் திருத்தலாம்.

அந்த 777-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு மாணவி தன் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு மட்டும் 777 கொடுக்க நினைத்தார். புள்ளி போட்டு ஸ்லாஷ் அடிக்க வேண்டிய இடத்தில் புள்ளி விட்டுப்போய்விட்டது. சூடோவோடு, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த கட்டளை அது. மொத்த சிஸ்டமும் 777 ஆகிவிட்டது. அடுத்து சூடோ என்று அடித்தால், தன் கோப்பில் செட்யூஐடி பிட் (யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடவைக்கும் குறி) இல்லை என்று சொல்லி சூடோவே வேலை செய்ய மறுத்தது. 777 என்று எண்ணில் கொடுத்தபோதே அந்த பிட் அழிந்துபோயிருந்தது. வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் அவருடைய ரகசியச் சாவிக் கோப்பை ஏற்கவில்லை: அனுமதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறதாம். ஒவ்வொரு கோப்புக்கும் முன்பு என்ன எண் இருந்தது என்பது எங்கேயும் பதிவாகியிருக்காது. பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ஹோம் ஃபோல்டரைக் காப்பி எடுத்து, லினக்ஸை மறுபடி போட்டோம். ஒரு முழு மாலை அதற்கே போனது. செமஸ்டர் ப்ராஜெக்ட் பத்திரமாக இருக்கிறதா என்று அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்ற முகம் எனக்கு மறக்கவில்லை.

777 பயன்படாத இடமும் உண்டு. அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். விண்டோஸ் பக்கத்து என்டிஎஃப்எஸ் டிரைவில் மென்பொருளை வைத்துக்கொண்டு லினக்ஸிலிருந்து அனுமதி எண்ணை மாற்றும் சிஎச்மோட் கட்டளையை எத்தனை முறை அடித்தாலும், பெரும்பாலும் எதுவும் மாறாது. அங்கே அனுமதியைத் தீர்மானிப்பது டிரைவை மவுன்ட் செய்த (லினக்ஸோடு இணைத்த) விதம். கோப்பை ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்தி, இயக்கும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

சூடோ அப்படியில்லை, அதற்கென்று நியாயமான இடம் இருக்கிறது. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் மென்பொருள் போடும் ஆப்ட் மூலம் நிறுவும்போது லாக் கோப்பைத் திறக்க முடியவில்லை, நீங்கள் ரூட்டா என்று கேட்டால், தயங்காமல் சூடோ போடுங்கள். மொத்த வீட்டுக்கும் சேர்த்து ஹவுஸ் ஓனர் செய்யும் வேலை அது. பைதான் நூலகங்களை நிறுவும் பிப்புக்கும், ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை நிறுவும் என்பிஎம்முக்கும் முன்னால் அதே சூடோவைப் போடுவதுதான் தப்பு. இணையத்திலிருந்து இறங்கும் யாரோ ஒருவருடைய இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தோடு ஓடும். உபுண்டு, டெபியன் இரண்டிலும் சிஸ்டத்தின் பல கருவிகள் பைதானை நம்பியிருக்கின்றன. அதற்குள் பிப் கைவைத்தால் அவை உடையலாம். 2023-இல் வந்த டெபியன் 12 முதல், சிஸ்டம் பைதானில் பிப் நேராக நிறுவப் போனால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று தடுத்துவிடுகிறது. அதைத் தாண்ட 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோப்பின் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை என்பது பட்டா மாற்றம். ஏற்கெனவே நடந்த குழப்பத்தைச் சரிசெய்ய மட்டுமே இதைப் பயன்படுத்துவேன். பழைய என்பிஎம் பதிப்புகளில் சூடோ போட்டவர்களின் ஹோம் ஃபோல்டரில், கேஷுக்குள் (இறக்கியதைச் சேமித்துவைக்கும் இடம்) ரூட் பெயரில் கோப்புகள் தங்கிவிடும். பிறகு சூடோ இல்லாமல் எதையும் நிறுவ முடியாது. மறுபடி சூடோ போட்டால் ரூட் கோப்புகள் இன்னும் கூடும். அந்த ஒரு ஃபோல்டரை உங்கள் பெயருக்கு மாற்றினால் விஷயம் முடிந்தது. ஹோமுக்கு வெளியே இருக்கும் எதற்கும் இதைச் செய்யாதீர்கள்.

நான் எப்போதும் சொல்வது கடைசி வழியைத்தான்: உங்கள் போர்ஷனுக்குள்ளேயே நிறுவுங்கள். பைதானுக்கு வென்வ் (ப்ராஜெக்டுக்கென்று தனிச் சூழல் உருவாக்குவது), நோடுக்கு (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) என்விஎம் (நோடை ஹோமுக்குள் நிறுவுவது). உபுண்டுவில் வென்வ் பேக்கேஜை ஒரே ஒருமுறை ஆப்ட்டில் போட்டுக்கொண்டால், அதற்குப் பின் சூடோவின் நினைப்பே வராது. ஏதாவது கெட்டுப்போனாலும் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம், சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது. இதிலும் குறை உண்டு. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனித்தனி நகல் என்பதால், பெரிய மெஷின் லேர்னிங் நூலகங்களைப் போட்டால் ஜிபி கணக்கில் இடம் போகும். வென்வை ஆக்டிவேட் செய்ய மறந்துவிட்டு, மாட்யூல் காணோம் என்று வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. 128 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்கு இடப் பிரச்சினை நிஜமானது. அப்படியிருந்தும் என் ஓட்டு இதற்குத்தான்.

விண்டோஸிலும் அடிப்படை இதுவே. விஸ்டா காலத்தில் வந்த யூஏசி (மாற்றம் செய்யும் முன் திரையில் கேட்கும் பாதுகாப்பு) கேட்கும் அனுமதிதான் அங்கே சூடோ. ப்ரோக்ராம் ஃபைல்ஸில் 'ஆக்ஸஸ் டினைட்' வந்தால், அந்த மென்பொருளுக்கு யூசர் இன்ஸ்டாலர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விஎஸ் கோடுக்கு இருக்கிறது; அட்மின் பாஸ்வேர்டே கேட்காது. பிழை எண் 32 என்றால் அது அனுமதிப் பிரச்சினையே இல்லை, வேறு ஏதோ ப்ரோக்ராம் அந்தக் கோப்பைப் பிடித்துவைத்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. பழைய உரிமையாளரின் அக்கவுண்ட்தான் அட்மினாக இருக்கும், நீங்கள் வெறும் ஸ்டாண்டர்ட் யூசர். பழைய டிரைவின் ஃபோல்டர்களில் உரிமையாளர் இடத்தில் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் தெரியும். டேக்ஓன் கட்டளையால் ஒவ்வொன்றாக உரிமை வாங்கிக்கொண்டிருப்பதைவிட, பணம் கொடுக்கும் முன்பே கடைக்காரரிடம் சொல்லிப் புதிதாக விண்டோஸ் போட்டு, உங்கள் பெயரில் அட்மின் அக்கவுண்ட் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள்.