ஸ்டெல்லேரியம்: கட்டளை வரியில் எவ்வளவு தேறும்?

இலவச வானக் காட்சி மென்பொருளான ஸ்டெல்லேரியத்தை மெனுவிலேயே ஓட்டிப் பழகியவர்கள் டெர்மினலையும் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) ஒருமுறை திறந்து பார்க்கலாம். மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் வானத்தை மண்டபத் திரையில் காட்ட நான்கு ஆப்ஷன் போதும்: லாட்டிடியூட் (அட்சரேகை), லாங்கிட்டியூட் (தீர்க்கரேகை), ஸ்கை-டேட், ஸ்கை-டைம். ஒவ்வொன்றின் முன்னும் இரட்டைக் கோடு (--).

அட்சரேகை "-20டி10'". டிகிரிக்கு ஆங்கில டி எழுத்து. பலர் தடுக்கி விழுவது அந்தக் கழித்தல் குறியில்தான். அதை விட்டால் துருவ நட்சத்திரம் வடக்கே 20 டிகிரி உயரத்தில் நிற்கும்; மொரிஷியஸில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை! மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் போடாவிட்டால் லினக்ஸ் ஷெல் (கட்டளையைப் படித்து இயக்கும் நிரல்) 10-க்குப் பின்னுள்ள ஒற்றைக் குறியை மேற்கோளின் தொடக்கமாக எடுத்து, முடிவுக் குறிக்குக் காத்துக் கிடக்கும்.

தேதி இடைவெளியின்றி, வருடம் முதலில்: 20250211. அந்தத் தைப்பூச இரவு எட்டு மணிக்கு முழுமையை நெருங்கிய நிலா கடகத்தில் இருக்கும்.

எரிச்சல் ஒன்று உண்டு. ஃபுல்-ஸ்கிரீன்=நோ என்று ஒருமுறை கொடுத்தால் அது கான்ஃபிக் கோப்பிலேயே (அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பு) பதிந்துவிடும், அடுத்த முறையும் சிறு ஜன்னல்தான். ஆகவே கான்ஃபிக்.ஐஎன்ஐ கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து, புரொஜெக்டருக்கு மட்டும் கான்ஃபிக்-ஃபைல் ஆப்ஷனால் அதைக் கொடுங்கள். லேண்ட்ஸ்கேப் (அடிவானத்தைச் சுற்றித் தெரியும் நிலக்காட்சி) பெயர் தெரியாவிட்டால் லிஸ்ட்-லேண்ட்ஸ்கேப்ஸ் பட்டியல் தரும்.

ரெஸ்டோர்-டிஃபால்ட்ஸ் பக்கம் கை போகும் முன் நகல் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய அமைப்பை அது அழித்துவிடும்.